ஒரு போத்தல், பன்னிரண்டு பங்கு

நீண்ட கைப்பிடி வைத்த இரும்பு இடுக்கி ஒன்று எரிவாயு அடுப்பில் பழுத்துச் சிவந்துகொண்டிருந்தது. பத்துப் பேர் அதைச் சுற்றி நின்றோம். சமையலறை மேசையில் ஒரே ஒரு போத்தல். கறுத்த கண்ணாடி, கழுத்தெல்லாம் தூசி, வயிற்றுப் பக்கத்தில் வெள்ளைச் சாயத்தில் இழுத்த ஒரு கோடு. இத்தனை ஆண்டும் படுத்திருந்தபோது எந்தப் பக்கம் மேலே இருந்தது என்பதற்கான அடையாளமாம் அது.

“கை நடுங்கினால் எல்லாம் தரையில்தான்,” என்றார் வீட்டுக்காரர். ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர். எழுபது வயதைத் தாண்டியவர். கை நடுங்கவில்லை.

போர்ச்சுகலின் வடக்கே டோரோ ஆறு அட்லாண்டிக் கடலைத் தொடும் இடத்தில் இரண்டு ஊர்கள் எதிரெதிரே நிற்கின்றன. வடகரையில் போர்ட்டோ, தென்கரையில் வில நோவ டி காயா. நாங்கள் நின்றது காயாவில், மாடிப்படி ஏறி மூச்சு வாங்க வைக்கும் ஒரு பழைய வீட்டில். ஆசிரியரின் மகள் எங்கள் நிறுவனத்தின் லிஸ்பன் கிளையில் வேலை பார்க்கிறாள். நானும் அவளும் 1985ல் பிறந்தவர்கள். ஐந்து ஆண்டுகளாகக் காணொளிக் கூட்டத்தில் மட்டுமே பார்த்துக்கொண்டவர்கள். கடந்த அக்டோபர் இறுதியில் வேலை நிமித்தம் லிஸ்பன் போனபோது, “மூன்று நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு போர்ட்டோவுக்கு வா. சனிக்கிழமை அப்பா ஒரு போத்தல் திறக்கிறார்,” என்று அழைத்தாள்.

ஒரு போத்தலைத் திறக்கவா ரயில் ஏறி வர வேண்டும் என்று கேட்டேன். வந்து பார் என்றாள்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். எங்கள் வீட்டில் மது வாசனையே கிடையாது. அம்மா குளுவாங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவர். தாத்தா பால்மரம் வெட்டியவர். சம்பள நாளில் தோட்டத்துக் கள்ளுக்கடையைத் தாண்டி அவரால் வீட்டுக்கு வர முடிந்ததில்லை. பிற்காலத்தில் கள்ளு போய் சம்சு வந்தது. ஐம்பத்திரண்டு வயதில் அவர் போய்ச் சேர்ந்தார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் மது நுழைந்தது ஒரே ஒரு தடவை. என் மகன் பிறந்தபோது, பத்தியத்தில் இருந்த எனக்குப் பாட்டி ஒரு கரண்டி பிராந்தி கொடுத்தார். அதையும் அம்மா அளந்து ஊற்றிவிட்டு, மிச்சத்தை அன்றே பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டார்.

அதனால், தொலைபேசியில் அம்மாவிடம், “சிநேகிதி வீட்டில் சாப்பாடு” என்று மட்டும் சொன்னேன். பொய் இல்லை. சாப்பாடும் இருந்தது.

பாலத்தின் இரு கரை

லிஸ்பனிலிருந்து போர்ட்டோவுக்கு விரைவு ரயிலில் சுமார் மூன்று மணி நேரம். சிங்கப்பூரிலிருந்து போர்ட்டோவுக்கு நேரடி விமானம் இல்லை, எங்காவது மாறித்தான் போக வேண்டும். ஆகவே இரண்டு நகரையும் சேர்த்துப் பார்ப்பதே நல்லது.

போர்ட்டோ செங்குத்தான ஊர். ஆற்றங்கரையிலிருந்து வீடுகள் ஒன்றின் தோளில் ஒன்று ஏறி நிற்பதுபோல் மேலே போகின்றன. துணி உலர்த்தும் கம்பி, நீல ஓடு பதித்த சுவர், இடிந்தும் இடியாமலும் நிற்கும் மாடம் என்று கண்ணுக்கு ஓய்வே இல்லை. சாவ் பென்டோ ரயில் நிலையத்தின் முன்கூடத்தில் சுமார் 20,000 ஓடுகளில் போர்ச்சுகலின் வரலாற்றை ஓவியமாகப் பதித்திருக்கிறார்கள். ரயிலைத் தவறவிட்டவர்கள் கோபப்படாமல் நிற்கும் ஒரே நிலையம் அதுவாகத்தான் இருக்கும்.

இரு கரையையும் இணைப்பது லூயிஸ் மன்னர் பெயரிலான இரும்புப் பாலம். 1886ல் திறந்தார்கள். வடிவமைத்தவர் தியோஃபில் செய்ரிக், ஐஃபலின் முன்னாள் தொழில் கூட்டாளி. கீழ்த்தளத்தில் சாலை, மேல்தளத்தில் மெட்ரோ ரயில். மேல்தளத்தில் ரயில் தண்டவாளத்தை ஒட்டியே மக்கள் சாவகாசமாக நடக்கிறார்கள். மஞ்சள் கோடு போட்டு ‘பின்னால் நில்லுங்கள்’ என்று நாள் முழுதும் கேட்டுப் பழகிய நமக்கு முதலில் கால் கூசும்.

பாலத்தின் மேலிருந்து காயா பக்கம் பார்த்தால், ஓட்டுக் கூரைகளின் மேல் ஆளுயரத்துக்கும் பெரிய எழுத்துகளில் பெயர்கள்: சாண்டிமன், டெய்லர்ஸ், கிரஹாம்ஸ், ஃபெரைரா. அத்தனையும் போர்ட் ஒயின் கிடங்குகள். திராட்சை விளைவது இங்கே இல்லை. ஆற்றின் மேலே, உள்நாட்டு மலைகளில். அங்கே கோடையில் அனல் அடிக்கும். கடற்காற்று வரும் காயா குளிர்ச்சியானது. ஒயின் நிதானமாக முதிர்வதற்கு ஏற்றது. ஒரு காலத்தில் பீப்பாய்களைச் சுமந்துகொண்டு ‘ரபெலோ’ என்ற தட்டையான படகுகள் பாறை நிறைந்த ஆற்றில் உயிரைப் பணயம் வைத்து இறங்கி வந்தன. ரயிலும் லாரியும் அணைக்கட்டுகளும் வந்த பிறகு அந்தப் படகுகள் இப்போது கரையில் அழகுக்கு நிற்கின்றன. 1986 வரை காயாவைத் தவிர வேறிடத்திலிருந்து போர்ட் ஒயினை ஏற்றுமதி செய்யவே முடியாது என்ற விதி இருந்தது.

கிடங்கு ஒன்றுக்குள் போனேன். இருட்டு, ஈரம், பழைய மரமும் உலர் திராட்சையும் கலந்த வாசனை. வழிகாட்டிப் பெண் ஒரு பெரிய மரக்கலத்தைத் தட்டி, “இதற்கு எங்கள் மொழியில் பீப்பா,” என்றார்.

“பீப்பாய்!” என்று என்னை அறியாமல் சத்தமாகச் சொல்லிவிட்டேன்.

அவர் திரும்பிப் பார்த்தார். எங்கள் மொழியிலும் அதே சொல்தான் என்றேன். நம்பவில்லை. மேசை, அலமாரி, சன்னல், சாவி என்று வரிசையாகச் சொன்னேன். ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டியவர், நான் மலாய் மொழியில் ‘மேஜா’, ‘அல்மாரி’, ‘ஜெண்டேலா’ என்று தொடர்ந்ததும் சிரித்துவிட்டார். 1511ல் மலாக்காவைப் பிடித்த போர்ச்சுகீசியர்கள் 1641ல் அதை இழந்தார்கள். தமிழ்நாட்டுக் கடற்கரையிலும் அவர்கள் நடமாட்டம் அதிகம். ஆட்சி போய்விட்டது, நம் வீட்டுச் சாமான்களின் பெயர்கள் போகவில்லை. டோரோ கணக்கில் ஒரு பீப்பாய் என்றால் 550 லிட்டர்.

போர்ட் என்பது சாதாரண ஒயின் போன்றதில்லை. திராட்சைச் சாறு புளித்துக்கொண்டிருக்கும்போதே, இரண்டு மூன்று நாளில், சர்க்கரையில் பாதி மிச்சமிருக்கும் கட்டத்தில், வீரியமான திராட்சைச் சாராயத்தைச் சேர்த்து அதைச் சட்டென்று நிறுத்திவிடுகிறார்கள். 435 லிட்டர் சாற்றுக்கு 115 லிட்டர் சாராயம் என்பது வழக்கமான கணக்கு. இரண்டையும் கூட்டிப் பாருங்கள், ஒரு பீப்பாய். அதனால்தான் போர்ட் இனிப்பாகவும் இருக்கிறது, மதுச்சத்து சுமார் 20 விழுக்காடாகவும் இருக்கிறது. பேரங்காடியில் நாம் பார்க்கும் ரூபி வகை உடனே குடிப்பதற்கு. டோனி வகை பத்து, இருபது, நாற்பது ஆண்டுகள்கூட மரத்தில் கிடந்து பழுப்பாகும். அதைத் திறந்தால் சில வாரம் தாங்கும்.

விண்டேஜ் போர்ட் தனி ரகம். ஒரே ஓர் ஆண்டின் அறுவடை. அதுவும் எல்லா ஆண்டும் கிடையாது. பெரிய நிறுவனங்கள் பத்தாண்டுக்கு மூன்று தடவை அறிவித்தால் அதிகம். அறிவிப்பதற்கு முன் அதன் மாதிரியைப் போர்ட்டோவில் உள்ள ஒயின் கழகத்துக்கு அனுப்ப வேண்டும். அங்கே இருக்கும் சுவைஞர் குழு குடித்துப் பார்த்து ஒப்புக்கொண்டால்தான் கழுத்தில் முத்திரை. மரத்தில் இரண்டு ஆண்டும் சில மாதமும்தான் வைப்பார்கள். பிறகு வடிகட்டாமல் போத்தலில் அடைத்துவிடுவார்கள். மற்ற வேலையெல்லாம் போத்தலுக்குள்ளேயே, இருட்டில், இருபது முப்பது ஆண்டுகள் நடக்கிறது.

இத்தனை காலம் பொறுத்திருக்கும் சரக்கு, திறந்த பிறகு பொறுக்காது. காற்றுப் பட்ட ஓரிரு நாளில் அதன் வாசனை தேய்ந்துபோய்விடும். நாள்பட்டது என்றால் இன்னும் சீக்கிரம். விலையோ சில நூறு வெள்ளி. மதுச்சத்தும் அதிகம். ஒருவர் தனியாக ஒரு மாலையில் ஒரு போத்தலை முடித்தால் மறுநாள் எழ மாட்டார். ஆகவே இதைத் திறக்கிறவர்கள் ஆள் சேர்க்கிறார்கள். ஆளுக்குக் கொஞ்சம். வர முடியாதவருக்குச் சின்னக் குப்பியில் அடைத்து வைக்கிறார்கள். ஆசிரியரின் குழுவில் பத்துப் பன்னிரண்டு பேர். மருந்தாளர், பேருந்து ஓட்டுநர், நூலகர், அடுத்த தெரு ரொட்டிக்கடைக்காரர். இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை ஒருவர் வீட்டில் ஒரு போத்தல். யாரும் பணக்காரர் இல்லை. தனித்தனியாக வாங்கினால் வாழ்நாளில் மூன்று நான்கு ஆண்டுகளைத்தான் ருசித்திருப்பார்கள். இப்படி முப்பதுக்கும் மேல் ருசித்துவிட்டார்களாம்.

மலையைப் படியாக வெட்டியவர்கள்

வெள்ளிக்கிழமை சாவ் பென்டோவிலிருந்து பினியாவ் ஊருக்கு ரயில் ஏறினேன். இரண்டரை மணி நேரம். போகும்போது வலப்பக்கச் சன்னலைப் பிடித்துக்கொள்ளுங்கள். முதல் ஒரு மணி நேரம் ஒன்றுமில்லை. அதன் பிறகு ஆறு தண்டவாளத்துக்குப் பக்கத்தில் வந்து சேர்ந்துகொள்ளும், விலகாது.

அறுவடை முடிந்திருந்தது. கொடிகளில் இலைகள் மஞ்சளும் செந்தூரமுமாக மாறியிருந்தன. ஆற்றிலிருந்து மலை உச்சி வரை படிப்படியாகக் கல் சுவர்கள். மண் என்று சொல்லத்தக்கது அங்கே எதுவும் இல்லை. ஏடு ஏடாக உரியும் கரும்பாறைதான். அதைக் கடப்பாரையாலும் வெடிமருந்தாலும் உடைத்து, உடைத்த கல்லையே சாந்து இல்லாமல் அடுக்கிச் சுவராக்கி, இடையில் கொடி நட்டிருக்கிறார்கள். ஒன்பது மாதம் குளிர்காலம், மூன்று மாதம் நரகம் என்று அந்த வட்டாரத்தில் ஒரு சொலவடை. 1756ல் மார்க்விஸ் டி பொம்பால் என்ற அமைச்சர் இந்தப் பள்ளத்தாக்குக்கு எல்லை வகுத்து, இதற்குள் விளைந்ததுதான் போர்ட் என்று சட்டம் போட்டார். எல்லைக்கு நட்ட கருங்கல் தூண்கள் சில இன்றும் நிற்கின்றன. 2001ல் யுனெஸ்கோ இதை உலக மரபுடைமையாக அறிவித்தது.

அந்த அழகுக்கு நடுவே புதர் மண்டிய, கொடியே இல்லாத படிக்கட்டுகளும் தெரிகின்றன. 19ஆம் நூற்றாண்டில் ஃபில்லாக்செரா என்ற பூச்சி கொடிகளின் வேரைத் தின்று தீர்த்தபோது கைவிட்ட நிலங்கள். ‘மோர்ட்டோரியோ’ என்று அழைக்கிறார்கள். சாவைக் குறிக்கும் சொல்லை அடியாகக் கொண்ட பெயர்.

பினியாவ் சின்னஞ்சிறு ஊர். நிலையத்துச் சுவரில் நீல ஓடுகளில் அறுவடைக் காட்சிகள். பெண்கள் குனிந்து பறிக்கிறார்கள். ஆண்கள் முதுகில் பெரிய கூடை சுமந்து, ஒருவர் பின் ஒருவராகப் படி இறங்குகிறார்கள். என்னை அந்தச் சுவர்தான் அதிக நேரம் நிறுத்திவைத்தது.

அருகில் இருந்த ஒரு தோட்டத்தில் பார்வையாளர்களைச் சுற்றிக் காட்டினார்கள். கருங்கல் தொட்டியில் திராட்சையைக் காலால் மிதிக்கும் வழக்கம், நல்ல விண்டேஜ் போர்ட்டுக்கு இன்னும் சில இடங்களில் தொடர்கிறது. முதல் இரண்டு மணி நேரம் எல்லாரும் தோளோடு தோள் கோத்து வரிசையாக நின்று, ஒருவர் குரல் கொடுக்க, இடது வலது என்று ஒரே சீராக மிதிக்க வேண்டும். முழங்காலுக்கு மேல் சாறு. அதற்குப் பிறகு ‘லிபர்தாத்’, அதாவது விடுதலை. வரிசை கலைந்து, அக்கார்டியன் வாசிக்க, இஷ்டம்போல் ஆடி மிதிக்கலாம்.

வேலைக்கு ஆள் எங்கிருந்து வருவார்கள் என்று கேட்டேன். அந்தக் காலத்தில் மலைக் கிராமங்களிலிருந்து கூட்டமாக அழைத்து வருவார்களாம். கூட்டத்துக்கு ‘ரோகா’ என்று பெயர். அழைத்து வருகிறவருக்கு ‘ரோகதோர்’. ஆள் சேர்ப்பது, கூலி பேசுவது, வேலை வாங்குவது எல்லாம் அவர். தங்குவதற்கு ஒரே நீள அறை, வைக்கோல் படுக்கை.

கங்காணி, லயம் என்ற இரண்டு சொற்கள் எனக்குள் தாமாகவே வந்து நின்றன. அம்மா பிறந்தது அப்படி ஒரு லயத்தில்தான். அந்த நாட்டுக்காரர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க முயலவில்லை. திரும்பும் ரயிலில் ஆற்றைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். இன்னும் மேலே, வலெய்ரா என்ற இடத்தில் 1861ல் ஒரு படகு கவிழ்ந்தது. இந்த ஆற்றுக்கு முதன்முதலில் விரிவான வரைபடம் போட்ட ஆங்கிலேயர் ஜோசஃப் ஜேம்ஸ் ஃபாரெஸ்டர் அதில் மூழ்கிப்போனார். அதே படகில் இருந்த டோனா அந்தோனியா ஃபெரைரா பிழைத்துக்கொண்டார். கணவரை இழந்த பிறகு தோட்டங்களைத் தாமே நடத்தி, அந்தப் பள்ளத்தாக்கையே கட்டி ஆண்ட பெண்மணி அவர். விரிந்த பாவாடை குடைபோல் மிதந்து அவரைக் காப்பாற்றியது என்று கதை சொல்கிறார்கள். கதைதான். ஆனால் பினியாவில் பேசிய எல்லாரும் அதைச் சொன்னார்கள்.

கோடு போட்ட கண்ணாடிக் குழாய்

சனிக்கிழமை மாலைக்கு வருவோம்.

நாற்பது ஆண்டுப் பழைய தக்கையைத் திருகி எடுக்கப் பார்த்தால் மாவாக உதிரும். அதற்குத்தான் இடுக்கி. சிவந்த இரும்பால் போத்தலின் கழுத்தைத் தக்கைக்குக் கீழே கவ்விப் பிடித்தார் ஆசிரியர். ஒரு நிமிடம் யாரும் பேசவில்லை. இடுக்கியை எடுத்த கையோடு, குளிர்ந்த நீரில் நனைத்த துணியை அதே இடத்தில் சுற்றினார். ‘டிக்’ என்று ஒரு சத்தம். கழுத்து தக்கையோடு தனியாக, கத்தியால் நறுக்கியதுபோல் வந்துவிட்டது. ரொட்டிக்கடைக்காரர் கை தட்டினார். இதற்காகவே வருகிறார் என்று தோழி காதில் சொன்னாள்.

முந்தின நாளே நிமிர்த்தி வைத்திருந்ததால் வண்டல் அடியில் படிந்திருந்தது. விளக்கைப் பின்னால் வைத்து, ஆசிரியர் மெல்ல வேறொரு குடுவைக்குச் சாய்த்தார். வண்டல் கழுத்தை நெருங்கியதும் நிறுத்தினார். பிறகு அலமாரியிலிருந்து அவர் எடுத்ததைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பள்ளி ஆய்வுக்கூடத்தில் நாம் எல்லாரும் பிடித்திருக்கும் கோடு போட்ட கண்ணாடிக் குழாய்.

“750இல் வண்டலுக்கு 50 போனது. 700 இருக்கிறது. நாம் பத்துப் பேர், லக்சம்பர்க்கில் என் மகன் ஒருவன். பதினொன்று. ஆளுக்கு 60.”

மகன் அங்கே கட்டுமானத் துறையில் இருக்கிறார். கிறிஸ்துமஸுக்கும் விடுப்பு கிடைக்கவில்லையாம். அவர் பங்கு முதலில் அளக்கப்பட்டது. நம் ஊர் ஹோமியோபதி மருந்துக் குப்பியைவிடக் கொஞ்சம் பெரிய கண்ணாடிக் குப்பி. விளிம்பு வரை, ஒரு குமிழிகூடத் தங்காமல் நிரப்பி மூடினார். உள்ளே காற்றுக்கு இடம் இருந்தால் கெடும். இப்படி அடைத்துக் குளிரில் வைத்தால் சில நாள் தாங்கும். குப்பியின் மேல் ஆண்டு, திறந்த தேதி இரண்டையும் எழுதி ஒட்டினார். மறுநாள் லக்சம்பர்க் போகும் ஒரு பக்கத்து வீட்டுக்காரரிடம் அது போகும்.

அதன் பிறகுதான் மேசையில் இருந்தவர்களுக்கு. கிண்ணங்கள் எல்லாம் ஒரே மாதிரி இல்லை. இரண்டு மட்டும் அல்வாரோ சீசா என்ற புகழ்பெற்ற உள்ளூர்க் கட்டடக் கலைஞர் போர்ட்டுக்கென்றே வடிவமைத்தவை. தண்டில் கட்டைவிரல் உட்காரச் சின்னப் பள்ளம் இருக்கும். விருந்தாளி என்பதால் ஒன்று எனக்கு. ஆங்கிலேயர் மேசையில் போர்ட் எப்போதும் இடப்பக்கமாகத்தான் கைமாற வேண்டுமாம். யாராவது மறந்து தம்மிடமே வைத்துக்கொண்டால் திட்ட மாட்டார்கள், “நார்விச் ஆயரைத் தெரியுமா?” என்று கேட்பார்கள். இதைச் சொல்லி முடித்த நூலகர், “எங்களுக்கு ஆயரும் வேண்டாம், அரசரும் வேண்டாம், குழாய் இருக்கிறது,” என்றார்.

குடிப்பதற்கு முன் தோழிதான் எழுந்து பேசினாள். அவள் பிறந்தபோது அப்பாவுக்கு ஆசிரியர் வேலை புதிது. அந்த ஆண்டு அறுவடை விண்டேஜாக அறிவிக்கப்பட்டு விற்பனைக்கு வந்ததும், ஒரு மாதச் சம்பளத்தில் பெரும்பகுதியைக் கொடுத்து ஆறு போத்தல் வாங்கினார். அம்மாவுக்கு மகா கோபம். குழந்தைக்குத் தொட்டில் இல்லை, போத்தல் எதற்கு என்று கேட்டாராம். முதலாவது அவள் பட்டம் பெற்றபோது. இரண்டாவது திருமணத்துக்கு. மூன்றாவதில் தக்கை கெட்டு எல்லாம் வீண். நான்காவது பேரன் பிறந்ததற்கு. ஐந்தாவது, அம்மா மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வந்த வாரம். இது ஆறாவது. அம்மா இறந்து அன்றோடு ஓர் ஆண்டு.

என்னை அழைத்தபோது அவள் இதைச் சொல்லவில்லை.

நான் முகர்ந்தேன். உலர்ந்த அத்திப்பழம், கிராம்பு, பூட்டிவைத்த தேக்குப் பெட்டியைத் திறந்தது போன்ற ஒரு வாசம். நிறம் கருஞ்சிவப்பு போய் ஓரத்தில் செங்கல் நிறமாக வெளுத்திருந்தது. நாக்கில் பட்டதும் இனிப்பு. விழுங்கியதும் மார்பில் ஒரு சூடு. மூன்று வாய் இருக்கும், அவ்வளவுதான். அந்த மூன்று வாய்க்கு ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். ஆட்டுப்பால் பாலாடைக்கட்டி, வாதுமை, ரொட்டி. பேருந்து ஓட்டுநர் இதில் புகை வாசம் இருக்கிறது என்றார். மருந்தாளர் இல்லவே இல்லை என்றார். பேச்சு அங்கிருந்து தோழியின் அம்மாவிடம் போனது. அவர் இந்தக் குழுவில் எப்போதும் தம் பங்கில் பாதியைத் தட்டில் இருக்கும் பாலாடைக்கட்டி மேல் ஊற்றிவிடுவாராம், எல்லாரும் அலற அலற.

கிளம்பும் நேரத்தில் ஆசிரியர் குடுவையைத் தூக்கிப் பார்த்தார். 40 மில்லிலிட்டர் மிச்சம். இன்னொரு குப்பியை எடுத்து அதில் ஊற்றினார். நிறையவில்லை. தம் கிண்ணத்தில் தொடாமல் வைத்திருந்ததிலிருந்து இன்னும் 20 ஊற்றி விளிம்பு வரை நிரப்பி, மூடி, என்னிடம் நீட்டினார்.

“உன் அம்மாவுக்கு. 1985 அவருக்கும் முக்கியமான ஆண்டு அல்லவா?”

எங்கள் வீட்டுக் கதையை நான் அவரிடம் சொல்லியிருக்கவில்லை. அந்த நேரத்தில் சொல்லவும் முடியவில்லை. வாங்கிக்கொண்டேன்.

உட்லண்ட்ஸ்

100 மில்லிலிட்டருக்குக் குறைவு என்பதால் குப்பி கைப்பையிலேயே, பற்பசைக்கும் முகப்பூச்சுக்கும் பக்கத்தில் வந்து சேர்ந்தது. வீட்டில் குளிர்பதனப் பெட்டியில், தயிர்ப் பாத்திரத்துக்குப் பின்னால் ஒளித்தேன். அம்மாவுக்குத் தெரியாமல் அந்தப் பெட்டியில் ஒரு கறிவேப்பிலைகூட இருக்க முடியாது என்பதை மறந்துவிட்டேன்.

“இது என்னடி, இருமல் மருந்தா? இங்கிலீசுலகூட எழுதலயே,” என்று மறுநாள் காலை கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

சொன்னேன். இடுக்கி, குழாய், ஆறு போத்தல், அந்த அம்மா, எல்லாவற்றையும். கூடைச் சுமையும் ரோகதோரும்கூட. அம்மா எதுவும் பேசாமல் அரிசி களைந்தார். குப்பியைத் தூக்கி எறியவும் இல்லை, திருப்பிக் கொடுக்கவும் இல்லை. பெட்டிக்குள் வைத்துவிட்டார், இந்தத் தடவை தயிருக்கு முன்னால்.

அன்று மாலை விளக்கேற்றி முடித்தபின் அவரே எடுத்து வந்தார். மூடியைத் திறந்து, தூரத்தில் வைத்து முகர்ந்தார். இன்னும் கொஞ்சம் கிட்டே கொண்டுவந்தார்.

“கள்ளு இப்படி மணக்காது. அது புளிச்ச வாடை. இது வெல்லப் பானை கழுவாம வச்ச மாதிரி இருக்கு.”

கொஞ்ச நேரம் கழித்து, தாத்தாவைப் பற்றி அம்மா பேசினார். குடியைத் தவிர வேறு எதைப் பற்றியும் அவர் பேசி நான் கேட்டதில்லை. சம்பள நாளில் கள்ளுக்கடையிலிருந்து தாத்தா தள்ளாடி வரும்போது சட்டைப்பையில் ஒரு பொட்டலம் கச்சான் இருக்குமாம். அந்த நிலையிலும் லயத்து வாசலில் உட்கார்ந்து, ஐந்து பிள்ளைகளுக்கும் ஒவ்வொன்றாக எண்ணி வைப்பாராம். “ஒருத்தருக்கு ஒண்ணு கூட இருக்காது, குறையவும் இருக்காது. கடைசியில ஒண்ணு ரெண்டு மிஞ்சினா, அம்மாவுக்குன்னு எடுத்து வைப்பார். பாட்டி வாங்க மாட்டாங்க.”

குப்பியை என் பக்கம் தள்ளினார். “நீயும் மாப்பிள்ளையும் குடிச்சிருங்க. பெரியவர் தன் பங்குல இருந்து குடுத்தது. வீணாக்கக் கூடாது.”

குடித்தோம். மறுநாள் ஆசிரியரிடமிருந்து தோழி வழியாகக் கேள்வி வந்தது: அம்மா என்ன சொன்னார்? வெல்லப் பானை வாசம் என்று சொன்னதாக எழுதினேன். வெல்லம் என்றால் என்ன என்று இரண்டு வரியில் விளக்கவும் செய்தேன். ஒரு மணி நேரத்தில் பதில் வந்தது. அகராதியை எடுத்துப் பார்த்தாராம். அவர்கள் மொழியிலும் அதற்குச் சொல் இருக்கிறதாம், ‘ஜாகரா’. நம் பக்கத்திலிருந்து அவர்கள் எடுத்துப் போன ‘சக்கரை’தான் அது.

அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். “அப்படியா?” என்றவர், கழுவிக் கவிழ்த்திருந்த குப்பியைத் துடைத்து, அதில் நல்லெண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தார்.